கதவோடு போன மாப்பிள்ளை

இது ராஜா ராணி காலத்துச் சமாசாரம் இல்லை. சென்னைப் பட்டணம் பாதி தண்ணீருக்குள் போன ஒரு கார்த்திகை மாதத்தில் நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களும் கேட்டுவிட்டுப் போகலாம், காசா பணமா!

தீனதயாளனுக்கு வயது முப்பத்தாறு. ஜெராக்ஸ் கடையில் வேலை. "அசல் மாதிரியே இருக்கணும்" என்று யாராவது ஒரு காகிதத்தைக் கொடுத்தால், அசலில் டீ சிந்தியிருந்த இடத்தைப் பார்த்து நகலிலும் கொஞ்சம் டீ தெளித்துக் கொடுப்பான். அவ்வளவு நேர்மை. அப்பா அம்மா இல்லாத பிள்ளையை ஏழுமலை, வேதகிரி என்ற இரண்டு தாய்மாமன்கள்தான் வளர்த்தார்கள். பிள்ளை ஏன் இப்படி என்று கேட்கிறவர்கள் மாமன்களோடு ஐந்து நிமிஷம் பேசினால் போதும், அப்புறம் கேட்க மாட்டார்கள்.

தீனதயாளனுக்கு ஆறு பெண் பார்த்தாகிவிட்டது. ஆறு வீட்டிலும் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் பெரிய மாமா ஏழுமலை எழுந்து துண்டை உதறி, "வீட்டுக்குப் போய்த் தகவல் சொல்றோம்" என்பார். ஊரில் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் இவர்கள் வீட்டுக்கு வந்து, குளித்து, தூங்கி எழுந்து, முறைப்படி யோசித்து முடிப்பதற்குள் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிடும். ஆறாவது பெண்ணுக்குச் சம்மதம் சொல்லப் போனபோது அவள் கழுத்தில் தாலி ஏறியிருந்தது. வந்ததற்குப் பந்தியில் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள்.

ஏழாவது பெண் ஹேமாவதி. ஆறாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். அவள் போட்டோவைத் தீனதயாளன் நூற்றுப் பத்து ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தான். இவள் கிடைக்காவிட்டால் இந்த ஜென்மத்தில் கல்யாணமே இல்லை என்று அவன் மனசுக்குள் தீர்மானமாகிவிட்டது.

பெண் பார்க்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை ஏரி உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. பெண்ணின் அப்பா தாமோதரன் போன் செய்தார். "நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள வந்துடுங்க. மாப்பிள்ளையைக் கால் நனையாம பத்திரமா கூட்டிட்டு வாங்க."

போனை வைத்துவிட்டு ஏழுமலை வாசலைப் பார்த்தார். தண்ணீர் இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது.

"கால் நனையக்கூடாதுன்னு சொல்லிட்டார்டா வேதகிரி."

"கை?"

"கையைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

"முதுகு?"

"அதையும் சொல்லலை."

"அப்ப கால் மட்டும்தான்" என்றார் வேதகிரி. பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது மூவருக்கும்.

படகுக்கு எங்கே போவது? வாசல் கதவைக் கீலிலிருந்து கழற்றினார்கள். தீனதயாளனை அதன்மேல் மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு காலையும் வானத்தைப் பார்த்துத் தூக்கச் சொன்னார்கள். கதவு நாலு விரல் ஆழத்துக்கு அமிழ்ந்தது. முதுகு, சட்டை, வாங்கி வைத்த பூ, பழம் எல்லாம் ஊறின. பாதம் இரண்டும் மட்டும் சருகாகக் காய்ந்திருந்தன.

கிளம்புகிற நேரத்தில் போலீஸ் ஜீப்பிலிருந்து ஒலிபெருக்கி சொன்னது: "வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கையோடு எடுத்துச் செல்லவும்."

"நல்ல வேளை, ஞாபகப்படுத்தினாங்க" என்று வேதகிரி கதவில் பூட்டைத் தொங்கவிட்டுப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். பூட்டிய கதவை மாமன்கள் தள்ள, மூவரும் புறப்பட்டார்கள். வீடு ஆவென்று வாயைத் திறந்துகொண்டு நின்றது.

பாதி வழியில் இன்னொரு ஜீப். "எல்லாரும் மேம்பாலத்துக்குப் போங்க!" போனார்கள். கதவைத் தலைமேல் தூக்கிக்கொண்டு பாலத்தில் ஏறினார்கள். அங்கே ஊரில் உள்ள கார்களெல்லாம் தண்ணீருக்குப் பயந்து வரிசையாக நின்றன. பலகையில் ஒரு ஆளைக் கிடத்தித் தூக்கிவருவதைப் பார்த்ததும் காருக்குள் இருந்தவர்கள் இறங்கிக் கும்பிட்டார்கள். ஒருவர் தன் கார் முன்னால் கட்டியிருந்த மாலையை அவிழ்த்துத் தீனதயாளன் கழுத்தில் போட்டார்.

"பாவம், சின்ன வயசு. கால் ஏன் இப்படி விறைச்சுப்போச்சு?"

"பொண்ணு வீட்ல நனையக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றான் தீனதயாளன்.

மாலை போட்டவர் தன் காரின்மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். போகிற இடமெல்லாம் மரியாதை கிடைக்கிறதே என்று தீனதயாளனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

நாலு இருபதுக்குப் பெண் வீடு. கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்திருந்தது. தாமோதரனும் ஹேமாவதியும் முதல் மாடியில் இருந்தார்கள். கதவை மொட்டை மாடியில் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தார்கள். ஹேமாவதி பஜ்ஜித் தட்டோடு வந்தாள். மாலையும் கழுத்துமாக, தலை முதல் இடுப்புவரை நனைந்து, காய்ந்த காலோடு ஒரு மனிதனை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்தச் சிரிப்பில் தீனதயாளன் விழுந்தான், எழுந்திருக்கவே இல்லை.

பஜ்ஜி முடிந்தது. ஏழுமலை துண்டை உதறினார், அது பிழிய வேண்டிய துண்டு. "வீட்டுக்குப் போய்த் தகவல் சொல்றோம்."

மாடிப்படியில் பாதி இறங்கியதும் தண்ணீர் ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது தெரிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை. தாமோதரன் வீட்டு அரிசியில் கஞ்சி குடித்தார்கள், தாமோதரன் வேட்டியைக் கட்டிக்கொண்டார்கள், அவர் பாயிலேயே படுத்தார்கள். செவ்வாய்க்கிழமை அவர் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார். "சம்பந்தி, மூணு நாளா ஒண்ணா இருக்கோம். பொண்ணைப் பிடிச்சிருக்கா இல்லையா?"

"ரொம்ப முக்கியமான கேள்வி. வீட்டுக்குப் போய்த்தான் சொல்லணும்" என்றார் ஏழுமலை.

"இங்கேயே சொன்னா என்ன?"

"இங்கேயே சொன்னா அது தகவல் இல்லைங்க, வெறும் பேச்சு" என்றார் வேதகிரி. தாமோதரனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மொட்டை மாடியில் ஹேமாவதி தீனதயாளனைத் தனியாகப் பிடித்தாள். "உங்க மாமா கிடக்கட்டும். உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பிடிச்சிருக்கான்னு எங்க வீட்ல வந்து கேளுங்களேன்" என்று கெஞ்சினான்.

புதன்கிழமை காலையில் திருத்தணியிலிருந்து போன் வந்தது. இன்னொரு மாப்பிள்ளை வீட்டார். ரயில் ஓட ஆரம்பித்துவிட்டதாம், ஸ்டேஷனிலிருந்து படகு ஏற்பாடு செய்துவிட்டார்களாம், மாலை நாலு மணிக்கு வந்து கையோடு தட்டு மாற்றிக்கொள்கிறார்களாம்.

"யார் முதல்ல சம்மதம் சொல்றாங்களோ அவங்களுக்குத்தான்மா. இனிமே நான் என்ன பண்ணட்டும்?" என்றார் தாமோதரன்.

தீனதயாளன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து விசும்பினான். வீடு இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது, நடுவில் ஆள் முழுகும் தண்ணீர், தனக்கோ நீச்சல் தெரியாது. ஏழாவதும் போயிற்று.

அழுகிற ஆளையும், அவன் பக்கத்தில் சாய்ந்து கிடந்த கதவையும் ஹேமாவதி மாறி மாறிப் பார்த்தாள். ஆறாம் வகுப்பு டீச்சருக்குப் பொறுமை அதிகம். மாமன்களைக் கூப்பிட்டாள்.

"மாமா, இது யார் வீட்டுக் கதவு?"

"எங்க வீட்டுக் கதவு."

"இதைத் திறந்து உள்ள போனா எந்த வீடு வரும்?"

மாமன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேதகிரி விரல் விட்டு எண்ணினார். "இருபத்தெட்டு வருஷமா இந்தக் கதவைத் திறந்து உள்ள போறேன், அண்ணே. ஒரு தடவைகூட அடுத்தவன் வீட்டுக்குள்ள போனதில்லை."

"நானும்தான்" என்றார் ஏழுமலை.

கதவை மாடியின் நடுவில் நிமிர்த்தினார்கள். வேதகிரி சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். ஏழுமலை கதவை ஒரு பக்கமாக நகர்த்த, மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனார்கள். கதவைப் பழையபடி சாத்தி, இரண்டு மாமன்களும் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டார்கள். "அப்பாடா! நம்ம வீடு நம்ம வீடுதான்" என்று ஏழுமலை நீளமாக மூச்சு விட்டார்.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற தாமோதரனின் போன் அடித்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஏழுமலை.

"ஹலோ, நல்லபடியா வீடு வந்து சேந்துட்டோம்."

"சந்தோஷம்" என்றார் தாமோதரன். வேறு என்ன சொல்வது?

"பொண்ணை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. தகவல் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

தாமோதரன் பெண்ணைப் பெற்றவர் இல்லையா! சந்தோஷத்தில் நாக்கு வழக்கமான தடத்தில் ஓடிவிட்டது. "அப்ப நாங்களும் ஒரு நடை மாப்பிள்ளை வீட்டைப் பாத்துடறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைத் தட்டினார்.

"வாங்க வாங்க!" என்று கதவை நகர்த்தினார்கள். தாமோதரன் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தார்.

"நல்ல காத்தோட்டம். ஹால் விசாலமா இருக்கு."

"மழைன்னா கொஞ்சம் ஒழுகும்" என்றார் வேதகிரி. அப்போதுதான் தூறல் ஆரம்பித்திருந்தது.

"எங்க வீட்லயும் மொட்டை மாடியில இதே தொந்தரவுதான்" என்றார் தாமோதரன். பிறகு வேட்டியை உதறினார். "வீட்டுக்குப் போய்த் தகவல் சொல்றோம்."

அவர் வெளியே வந்ததும் கதவை மறுபடி சாத்தினார்கள். மழை வலுத்தது. மாமன்கள் பக்கத்தில் குடை கிடந்தது, ஆனால் வீட்டுக்குள்ளே யாராவது குடை பிடிப்பார்களா? அவர்களுக்கு நடுவில் தீனதயாளன் கைகட்டி நின்று, நனைந்து, பெண் வீட்டுத் தகவலுக்காகக் காத்திருந்தான். மணி மூன்றே முக்கால். தூரத்தில் திருத்தணிப் படகின் மோட்டார் சத்தம் கேட்டது.

ஹேமாவதிக்குப் பொறுமை போயிற்று. கதவைத் தட்டவெல்லாம் அவளுக்கு நேரமில்லை. கதவைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் விறுவிறுவென்று நடந்தாள்.

"ஐயோ ஹேமா, சுவரு!" என்று அலறினான் தீனதயாளன்.

அவள் சட்டென்று நின்றாள். எதிரே மழை மட்டும்தான் பெய்துகொண்டிருந்தது. உயிரே போய்விட்ட மாதிரி நிற்கும் அவன் முகத்தைப் பார்த்தாள், மாமன்களின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"எனக்குச் சம்மதம்" என்றாள்.

"சம்மதம் இருக்கட்டும்மா" என்று பதறினார் ஏழுமலை. "டேய் தயாளா, பொண்ணு நெத்தியில சுண்ணாம்பு ஒட்டியிருக்கு பாரு, துடைச்சு விடு."

தீனதயாளன் துடைத்துவிட்டான்.