கல்லைக் கீழே இறக்கிய புழு

அந்தக் காலத்தில், கல்லும் மண்ணும் வாய் திறந்து பேசியபோது, மழை வெள்ளம் ஆற்றோடு வந்தால் கடல் அதை மேலே சேர்க்காது. "இவ்வளவு மண்ணைச் சுமந்துகொண்டு என் மேலே ஏறாதே, கனக்கிறது" என்று கீழே தள்ளிவிடும். அந்தக் கலங்கல் தண்ணீர் கடலுக்குள்ளேயே ஓர் ஆறாகச் சரிவில் இறங்கி அடித்தரைக்கு ஓடும்.

அதன் முதுகில் யார் உட்கார்ந்து வருவார்கள்? மலைக் கற்கள்! சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "நாங்கள் பெரியவர்கள். சேற்றையும் மணலையும் முதலில் கொட்டு. அதன்மேல்தான் நாங்கள் படுப்போம்" என்பார்கள். கலங்கலும் தலையாட்டிக்கொண்டு அவர்களைத் தூக்கியபடியே ஓடும்.

அடித்தரையில் நெளிச்சி என்றொரு சேற்றுப்புழு வளை வைத்திருந்தாள். வெறும் சேறு விழுந்தால் அவளுக்குக் கவலை இல்லை, துளைத்து மேலே வந்துவிடுவாள். போன வெள்ளத்தில் சேற்றின்மேல் கல்லும் விழுந்தது. உள்ளே இருந்த ஒன்பது பிள்ளைகளும் மூச்சடைத்துச் செத்தார்கள். ஒரு கல்லாவது "ஐயோ பாவம்" என்றதா? இல்லை.

மறுபடி மழை வந்தது. வளையில் இப்போது நாலு பிள்ளைகள். நெளிச்சி சரிவின் அடிவாரம் வரை ஊர்ந்து போய், கலங்கலுக்குக் குறுக்கே படுத்துவிட்டாள்.

"நில்லு! ஒம்பது பிள்ளைங்கள முழுங்கினது பத்தலையா உனக்கு?"

"வழிய விடும்மா" என்றது கலங்கல். "பெரியவங்க மேலதான் இருக்கணுமாம். நான் என்ன செய்ய?"

"என்ன பெரிய பெரியவங்க? உன் முதுகுல உக்காந்து வர்றவங்கதானே! நீ ஓடுறதாலதான் அவங்க மேல இருக்காங்க. நின்னுதான் பாரேன்!"

"ஏய் புழுவே, வாயை மூடு!" என்று கற்கள் கத்தினார்கள். "கலங்கலே, நிக்காதே, ஓடு!"

கலங்கலுக்குச் சுருக்கென்று தைத்தது. ஓட்டத்தைத் தளர்த்தியது. அவ்வளவுதான். நெளிச்சிக்கு ஒரு முழம் முன்னால் கற்கள் தொப்புத் தொப்பென்று விழுந்தார்கள். "தூக்கு, தூக்கு!" என்று அலறினார்கள். கலங்கல் இன்னும் தளர்ந்தது. அவர்கள் தலைமேல் மணல் விழுந்தது. மாவு போன்ற சேறு மட்டும் அந்த மணலையும் மூடி மெல்லப் பரவி, நெளிச்சியின் வளை வரைக்கும் போய்ப் படிந்தது.

அவள் வீட்டுக்கு ஓடினாள். சேற்றைத் துளைத்துக்கொண்டு நாலு தலைகள் எட்டிப் பார்த்தன. நாலையும் பார்த்துவிட்டு, போன ஒன்பதை நினைத்து ஓவென்று அழுதாள்.

அன்று விழுந்ததிலிருந்துதான் கடலடியில் கல் கீழே, மணல் அதன்மேல், எல்லாவற்றுக்கும் உச்சியில் சேறு. அந்தச் சேற்றில் இன்றைக்கும் புழுக்கள் கோடு கோடாக ஊர்ந்து போகின்றன, பெரியவர்களின் தலைமேலேயே.