குளத்தைக் குடித்த செடிகள்

குவாரிக் காட்டுக் குளத்தில் ஒரு விரால் மீன் வாழ்ந்தது. அதே காட்டில் ஒரு நரியும் வாழ்ந்தது. இரண்டுக்கும் ஒரு பகையும் கிடையாது. ஆனாலும் ஒரு கோடையில் அந்த நரியால் அந்த விராலின் பிள்ளைகளுக்கு உயிர் போகிற ஆபத்து வந்தது.

நரி கெட்டது அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையில் நரி வந்தாலே முறைத்துப் பார்க்கிற வழக்கம் நமக்கு உண்டு. இந்த நரி நல்லது செய்யத்தான் கிளம்பியது. பாதி கேட்டதை முழுதாகத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டதுதான் அது செய்த தப்பு.

ஒரு காலத்தில் மனிதர்கள் அங்கே கல் உடைத்தார்கள். உடைத்து முடித்ததும் போய்விட்டார்கள். போகும்போது ஆழமான பள்ளம் ஒன்றையும், பழைய டீசல் எஞ்சின் ஒன்றையும், சில டிரம் டீசலையும் விட்டுவிட்டுப் போனார்கள். பள்ளத்தின் அடியில் வற்றாத ஊற்று இருந்தது. ஆனால் சுவர் மாதிரிச் செங்குத்தான பள்ளம். இறங்கிக் குடிக்க யாராலும் முடியாது. மேலே இருந்த குளமோ பங்குனி பிறந்ததும் வற்றத் தொடங்கிவிடும்.

அப்போதெல்லாம் குரங்குதான் கை கொடுக்கும். குவாரி நடந்த நாட்களில் அது எஞ்சின் கொட்டகைக் கூரையில் உட்கார்ந்து டிரைவர் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது. ஆட்கள் போனதும் ஒருநாள் துணிந்து டீசல் ஊற்றி, ஹேண்டிலைச் செருகிச் சுற்றியது. எஞ்சின் டுப்டுப் என்று ஓடியது. பள்ளத்துத் தண்ணீர் குழாய் வழியாகக் குளத்தில் வந்து கொட்டியது. அன்றிலிருந்து காடே அதை "டிரைவரண்ணே" என்றுதான் கூப்பிடும். குரங்கும் கன்னத்தில் கொஞ்சம் எண்ணெயைத் தடவிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும்.

ஒரு தை மாதம் குரங்கு டிரம்மைச் சாய்த்துப் பார்த்தது. அதன் முகம் சுருங்கிப் போனது.

"எல்லாரும் குளத்தங்கரைக்கு வாங்க!" என்று கத்தியது. யானை, காட்டுப்பன்றி, முயல், நரி எல்லாம் வந்தன. விரால் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியது.

"டீசல் தீர்ந்துபோச்சு! அடியில ஒரு சொம்புதான் கெடக்கு. இந்தக் கோடைக்குத் தண்ணி இறைக்க முடியாது!" என்றது குரங்கு.

"இதுக்குப் போய் இந்தக் கத்து கத்துறே? டீசல் மண்ணுக்குள்ளேருந்துதானே வருது? தோண்டுவோம்!" என்றது காட்டுப்பன்றி. சொன்ன கையோடு மூக்கால் தோண்டவும் தொடங்கியது. ஒரு கோரைக்கிழங்கு கிடைத்தது. அதைத் தின்றுவிட்டு, "இங்க இல்லை," என்றது.

குரங்கு தலையில் அடித்துக்கொண்டது. "அது யுகம் யுகமா மண்ணுக்குள்ள புதைஞ்சு கெடந்து உண்டாகுறதுப்பா! நாம ஒரு கோடையில எரிச்சுத் தீர்த்துடுறோம். தீர்ந்தா தீர்ந்ததுதான்!"

"அப்போ நாங்க?" என்று கேட்டது விரால். "நீங்கல்லாம் நடந்து வேற தண்ணிக்குப் போயிடுவீங்க. நான் எங்க போவேன்?"

அப்போதுதான் நரி தொண்டையைக் கனைத்தது.

"விராலக்கா, கவலைப்படாதே! என்கிட்ட ஒரு யோசனை இருக்கு. குவாரி வேலியில காட்டாமணக்குச் செடி இருக்கே, அதோட விதையில எண்ணெய் வருமாம். அதுலயே வண்டி ஓடுமாம்! ஜீப்புல வந்த ரெண்டு ஆபீசருங்க மரத்தடியில பூரி தின்னுக்கிட்டே பேசினாங்க. என் காதால கேட்டேன்!"

"வேற என்ன பேசினாங்க?" என்று கேட்டது யானை.

"அதுக்குள்ள பூரி தீர்ந்துபோச்சு. நான் இலையைப் பார்க்கப் போயிட்டேன்," என்றது நரி.

அந்த இடத்திலாவது யாராவது யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை. மண்ணைத் தோண்டாமல், செடியிலிருந்தே எண்ணெய்! தீரத் தீர விளையும் எண்ணெய்! எல்லாருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

"எங்க நடுறது?" என்றது குரங்கு.

"அதோ, அந்தப் புல்வெளி சும்மாதானே கெடக்கு!" என்றது நரி.

முயலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சும்மா கெடக்கா? அது எங்க சாப்பாடுங்க! நானும் மான்களும் எதைத் திங்கிறது?"

"ஒரே ஒரு கோடை பொறுத்துக்கோ முயலக்கா! ஊருக்கே நல்லது நடக்கப்போகுது. நீ என்ன, குறுக்க நிக்கிறே!" என்றது நரி.

முயல் வாயை மூடிக்கொண்டது. ஊருக்கு நல்லது என்று சொல்லிவிட்டால் பசிக்கிறவர்களால் வேறு என்ன செய்ய முடியும்? காட்டுப்பன்றி புல்லைப் பெயர்த்தது. குரங்கு வேலியிலிருந்து குச்சி குச்சியாக ஒடித்துக் கொடுத்தது. நரி ஓடி ஓடி நட்டது. புல்வெளி முழுக்கக் காட்டாமணக்குக் குச்சிகள் வரிசை வரிசையாக நின்றன.

மான்கள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த மலைக்குப் போய்விட்டன. முயல் மட்டும் போகவில்லை. மரப்பட்டையைக் கடித்துக்கொண்டு, காது இரண்டும் தொங்க, புதர் அடியில் கிடந்தது.

வெயில் ஏறியது. குச்சிகள் வாடின. நரிக்குப் பொறுக்கவில்லை. தான் நட்ட செடி ஆயிற்றே! "யானையம்மா, கொஞ்சம் தண்ணி ஊத்தும்மா!" என்று கெஞ்சியது. யானை நல்ல மனசுக்காரி. குளத்தில் தும்பிக்கையை விட்டு உறிஞ்சும். புல்வெளியில் போய்ப் பீய்ச்சும். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்று தொடங்கியது, போகப் போகப் பகல் முழுக்க ஆனது.

குச்சிகள் துளிர்த்தன! நரி ஒவ்வொரு இலையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, "பார்த்தியா, எப்படி வந்திருக்கு!" என்று காட்டியது. பெற்ற பிள்ளையைக் கூட யாரும் அப்படிக் காட்டியிருக்க மாட்டார்கள்.

மாசியில் திடீரென்று ஒரு மழை பெய்தது. அந்தத் தண்ணீரில் விரால் குஞ்சு பொரித்தது. விரால் குஞ்சுகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? செக்கச் சிவந்து, ஒரே கூட்டமாக, தாயின் தலைக்கு மேலே கொதிக்கிற குழம்பு மாதிரித் தளதளவென்று அலையும். தாய் அடியிலேயே நிற்கும். இரை தேடக்கூடத் தூரமாகப் போகாது.

பங்குனி வந்தது. குளம் சுருங்கிச் சுருங்கி ஒரு குட்டையாகிவிட்டது. விராலின் முதுகு வெயிலில் காய்ந்தது. ஆழம் இல்லாததால் கொக்குக்கு நல்ல வேட்டை. தாய் ஒருபக்கம் பாய்ந்து விரட்டினால், அது மறுபக்கம் வந்து குஞ்சுகளைக் கொத்தியது. கூட்டம் பாதியாகக் குறைந்துபோனது.

அன்று யானையோடு நரியும் குளத்துக்கு வந்தது. விரால் சேற்றை உதறிக்கொண்டு கரையோரம் நெளிந்து வந்தது.

"நரித்தம்பி, ஒண்ணு கேட்கிறேன். இந்தச் செடியெல்லாம் எதுக்கு?"

"என்னக்கா இப்படிக் கேட்கிறே? எண்ணெய் எடுக்கத்தான்!"

"எண்ணெய் எதுக்கு?"

"எஞ்சின் ஓட்ட!"

"எஞ்சின் எதுக்கு ஓடணும்?"

"உன் குளத்துக்குத் தண்ணி இறைக்க!"

"என் குளத்துத் தண்ணியைத்தானே தம்பி இப்போ உன் செடிக்கு ஊத்திக்கிட்டிருக்கே!"

நரி புல்வெளியைத் திரும்பிப் பார்த்தது. யானை தும்பிக்கையைத் தண்ணீரிலிருந்து மெல்ல வெளியே எடுத்தது.

"செடி எப்போ காய்க்கும்?" என்று விரால் கேட்டது.

"தெரியலையே!" என்றது நரி.

கரைமரத்திலிருந்து குரங்கு சொன்னது: "வேலியில நட்டது நல்லாக் காய்க்க மூணு மழைக்காலம் ஆச்சு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நானும் சந்தோஷத்துல யோசிக்கலை."

"மூணு மழைக்காலமா!" என்றது விரால். "என் பிள்ளைங்க அடுத்த அமாவாசையைத் தாண்டினாலே பெரிசு தம்பி."

நரி அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதன் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. நடிப்பு அல்ல, நிஜமான அழுகைதான். ஒருபக்கம் குஞ்சுகள். மறுபக்கம் தன் கையால் நட்டுத் தளிர்விட்ட செடிகள். கடைசியில் அது எழுந்து சொன்னது: "யானையம்மா, இனிமே செடிக்கு ஒரு சொட்டும் ஊத்தாதே. காய்ஞ்சா காயட்டும்."

நல்ல முடிவுதான். ஆனால் செடிக்கு ஊற்றாமல் விட்டதால் குளம் நிறைந்துவிடாதே! தண்ணீர் பள்ளத்தில் இருந்தது. எஞ்சின் சும்மா நின்றது.

அந்த நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி துப்பிக்கொண்டே வந்தது. "தூ! தூ! பசி தாங்காம எஞ்சின் கொட்டகைப் பக்கம் கெடந்த புங்கங்காயைக் கடிச்சுத் தொலைச்சேன். என்னா கசப்பு! மூக்கெல்லாம் வேற பிசுபிசுன்னு ஒட்டுது. எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது!"

குரங்கு மரத்திலிருந்து குதித்தது. பன்றியின் மூக்கைத் தொட்டது. விரலைத் தேய்த்துப் பார்த்தது. பழக்கதோஷத்தில் கன்னத்திலும் தடவிக்கொண்டது.

"டேய் பன்றி! இது எண்ணெய்டா!"

குவாரி ஓரம் முழுக்கப் புங்க மரங்கள்தான். கல் மேட்டில் தானாக முளைத்தவை. யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. கசப்பு என்று யாரும் அந்தக் காயைத் தின்பதும் இல்லை. பங்குனி வெயிலில் காய்கள் உதிர்ந்து கணுக்கால் ஆழத்துக்குக் குவிந்து கிடந்தன. அந்த மரங்களின் அடியிலேயே நடந்து போய்த்தான் எல்லாரும் புல்வெளியைப் பெயர்த்திருந்தார்கள்!

பிறகு பேச்சுக்கு நேரமில்லை. முயல் தொங்கிய காதோடு வந்து உட்கார்ந்து பல்லால் தோட்டை உடைத்தது. பன்றி கொட்டைகளைக் கொட்டகையில் கிடந்த கோணிக்குள் தள்ளியது. சரிவான பாறையில் கோணியை வைத்ததும் யானை அதன்மேல் காலை ஊன்றி நின்றது. பழுப்பு நிறத்தில் எண்ணெய் கசிந்து பாறை வழியாக ஒழுகியது. டிரைவர் விட்டுப்போன பழைய துண்டில் குரங்கு அதை வடிகட்டி, வெயிலில் வைத்துச் சூடாக்கியது.

எஞ்சின் கொட்டகையில் குரங்கு எல்லாரையும் பார்த்துச் சொன்னது: "இந்த எண்ணெய் கெட்டி. குளிர்ந்த எஞ்சின் இதை ஏத்துக்காது. மிச்சமிருக்கிற டீசல்ல கெளப்பி, சூடேறினதும் மாத்தணும். மாத்தும்போது நின்னுபோச்சுன்னா, திரும்பக் கெளப்ப ஒண்ணும் கெடையாது!"

குரங்கு ஹேண்டிலைச் சுற்றியது. டுப்... டுப்டுப்... டுப்டுப்டுப்! எஞ்சின் சூடேறியது. டீசல் தீரப்போகிற நேரம். குரங்கு புங்க எண்ணெய்க் குழாயைத் திறந்தது.

எஞ்சின் இருமியது. கருப்பாக ஒரு புகை விட்டது. டுப்... டுப்... என்று தளர்ந்தது.

"ஓடு சாமி, ஓடு!" என்றது நரி.

டுப்... டுப்டுப்... டுப்டுப்டுப்டுப்!

நரி குளத்துக்கு ஓடியது. குழாயில் முதலில் காற்று வந்தது. பிறகு துரு கலந்த செந்தண்ணீர் வந்தது. அப்புறம் தெளிந்த தண்ணீர் திமுதிமுவென்று கொட்டியது. விரால் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. அதற்கு எங்கே நேரம்? சிதறிய குஞ்சுகளையெல்லாம் தலைக்கு மேலே சேர்த்துக்கொண்டு, ஆழம் பார்த்து இறங்கியது. கொக்கு சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் பறந்து போனது.

புங்கங்காய் உதிர்ந்த அளவுக்குத்தான் எண்ணெய் வந்தது. அந்த அளவுக்குத்தான் எஞ்சினும் ஓடியது. குளம் தளும்பவில்லை. குஞ்சுகள் பிழைக்கப் போதுமாக இருந்தது. பிழிந்த பிண்ணாக்கை யானை புல்வெளிக்குக் கொண்டுபோய் எருவாகப் போட்டது. "அந்தக் கசப்பு மட்டும் குளத்துல விழுந்துடக் கூடாதும்மா! எங்களுக்கு அது நஞ்சு!" என்று விரால் எச்சரித்ததால், நரியே வழியெல்லாம் கூட நடந்து, சிந்தியதைப் பொறுக்கியது. கோடை மழை ஒன்று விழுந்ததும் புல் தலைகாட்டியது. முயல் முதல் வாய் புல்லைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றது.

நரியின் தலையில் அடுத்த யோசனை வந்தது. அதன் சுபாவம் அது. "இதையே காடு முழுக்க நட்டா!" என்று துள்ளியது. முயலின் காது இரண்டும் சட்டென்று நிமிர்ந்தன. நரி அதைக் கவனித்தது. பாதிப் பேச்சிலேயே நிறுத்திக்கொண்டு, நேராகக் குளத்தங்கரைக்குப் போனது.

"விராலக்கா, கல்மேட்டுல இன்னும் கொஞ்சம் புங்கங்கன்னு நடலாமா? அங்க யாரும் மேயுறதில்லை. முயலக்காவையும் கேட்டுக்கிறேன். உன் தண்ணியில ஒரு சொட்டுத் தொடமாட்டேன்."

விரால் மேலே வந்தது. அதன் தலைக்கு மேலே மிச்சமிருந்த குஞ்சுகள் சிவப்பாக அலைந்தன. முன்பு இருந்ததில் பாதிதான் இருந்தன. நரி அதைப் பார்த்தது. தலையைக் குனிந்துகொண்டது.

"நடு தம்பி," என்றது விரால். "மழை விழுந்த பிறகு நடு."

மண்ணுக்குள் தீர்ந்துபோகிற எண்ணெயைவிடத் திரும்பத் திரும்ப விளைகிற எண்ணெய் நல்லதுதான், ஆனால் அது இன்னொருவரின் சோற்றையும் தண்ணீரையும் பறித்து விளையக் கூடாது.