மயில்கழுத்தும் மூன்று போன்களும்

கும்பகோணத்தில் ஒரு சீடர் இருந்தார். அவருக்கு அறுபது முடிய இன்னும் இருபது நாள் பாக்கி. அவருடைய குருவுக்கு முப்பத்தொன்று.

சிரிக்க வேண்டாம். படிக்கிறவர் மூத்தவர் என்பதற்காகப் பாடம் வர மாட்டேன் என்று சொல்லிவிடுமா என்ன?

சீடர் பெயர் சாரங்கபாணி. பட்டுக்கடையில் முப்பத்திரண்டு வருடம் புடவை விரித்துக் காட்டியவர். கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் மங்களாவிடம் வந்து சேர்ந்தார். மங்களா தன் வீட்டு முன்னறையில் நின்றபடியே, போனில் காட்டிப் புடவை விற்பவள்.

"புடவை எனக்குத் தெரியும். போன் தெரியாது. சொல்லிக் குடுங்க, வாத்தியாரம்மா" என்று முதல் நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கையைக் கட்டிக்கிட்டா எப்படிப் புடவையைப் பிடிப்பீங்க? அவிழுங்க, பாணி சார்" என்றாள் மங்களா.

அதுதான் முதல் பாடம்.

ஒரு நாள் மங்களாவின் பழைய போன் ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது. அவள் சித்தி மகன் போன் கடை வைத்திருக்கிறான். மூன்று புதுப் போன்களைக் கொண்டுவந்து வைத்தான். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். மூன்றிலும் கேமராதான் பெரிய பேச்சு.

"மூணு நாள் வச்சுப் பாருக்கா. பிடிச்சதை வச்சுக்க. மத்ததைத் திருப்பிக் குடுத்துடு."

மங்களா மூன்றையும் அப்படியே சீடர் பக்கம் நகர்த்தினாள்.

"எது நல்ல கேமரான்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க, சார்."

சாரங்கபாணிக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு நாள் ஊரையே படம் எடுத்தார். மூன்றாம் நாள் காலை, குறிப்பு எழுதிய நோட்டோடு வந்து நின்றார்.

"கறுப்பு போன்தான், வாத்தியாரம்மா. சந்தேகமே இல்லை."

"எப்படி?"

"மகாமகக் குளத்துக்கு இந்தக் கரையில நின்னு எடுத்தேன். அந்தக் கரை மண்டபத்து மேல ஒரு காக்கா. அதோட கண்ணு தெரியுது. கண்ணுக்குள்ள நான் தெரியுறேனான்னுகூடப் பார்த்தேன்."

"காக்கா புடவை வாங்குமா, சார்?"

சாரங்கபாணி நோட்டில் ஒரு வரியை மெல்ல அடித்தார்.

"சரி, வெள்ளை போன்?"

"அதுவும் தேவலை. என்னையே எடுத்துப் பார்த்தேன். கன்னத்து மருவைக் காணோம். நெத்தியில ஒரு சுருக்கம் இல்லை. அந்த ஆளுக்கு நம்பிப் பொண்ணு குடுக்கலாம்."

"அந்த முகத்தோட வீட்டுக்குப் போயிடாதீங்க. உங்க வீட்டம்மா, 'நான் கேட்ட ஆள் இது இல்லை'ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"சாம்பல் போன்?"

"அது வேலைக்கு ஆகாது. நீங்களே பாருங்க."

ஜன்னலோரம் ஒரு புடவை தொங்கிக்கொண்டிருந்தது. மயில்கழுத்து நிறம். நீல நூலும் பச்சை நூலும் குறுக்கும் நெடுக்குமாக நெய்தது. நின்று பார்த்தால் ஒரு நிறம், நகர்ந்து பார்த்தால் இன்னொன்று. சாரங்கபாணி ஒரே இடத்தில் நின்று, அதே புடவையை மூன்று போன்களிலும் எடுத்திருந்தார்.

கறுப்பு போனில் அது நீலம். கடல் மாதிரி நீலம். வெள்ளை போனில் பச்சை, கிளி தோற்றது.

"இந்தச் சாம்பலைப் பாருங்க. நீலம்னு ஆரம்பிக்குது. மடிப்புல பச்சையாகுது. ஓரத்துல என்னமோ ஆயிடுது. ஒரு முடிவுக்கே வரமாட்டேங்குது. கேட்ட கேள்விக்கு ஒரு பதில் சொல்ல வேண்டாமா கேமரான்னா?"

மங்களா வேறு ஒன்று கேட்டாள்.

"அறுபதாம் கல்யாணத்துக்கு அம்மாவுக்குப் புடவை எடுத்தாச்சா?"

அவ்வளவுதான். மனுஷர் முகம் வாடிவிட்டது.

காரணம் இருக்கிறது. அந்த ஊரில் எத்தனையோ பெண்கள் சாரங்கபாணி விரித்துக் காட்டிய புடவையில்தான் மணையில் உட்கார்ந்தார்கள். அவருடைய மனைவி தையல்நாயகிக்கு மட்டும் அவர் எடுத்தது எதுவும் பிடித்ததில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் நல்லதாகப் பார்த்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவார். அவள் திறந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்பாள். மூடி பீரோவுக்குள் வைப்பாள். உள்ளே போன புடவை வெளியே வராது.

"இந்தத் தடவை எடுக்கவே வேண்டாம்னுட்டா. பழசே போதுமாம்" என்றார். "மணையில உட்காரும்போதும் 'நல்லாத்தான் இருக்கு'ன்னு அவ சொன்னா, நான் முப்பத்திரண்டு வருஷம் என்ன வேலை பார்த்தேன், வாத்தியாரம்மா?"

மங்களா சாம்பல் போனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூணு படத்தையும் அம்மாவுக்கு அனுப்புங்க. ஒண்ணொண்ணா அனுப்புங்க. ஒரே புடவைன்னு சொல்லாதீங்க. வேற எதுவும் எழுதாதீங்க."

படங்களைத் தம்முடைய போனுக்கு மாற்றிக்கொண்டு, முதலில் கறுப்பு போன் எடுத்ததை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் தையல்நாயகி பேசி அனுப்பிய குரல் வந்தது.

"நீலம். நல்லாத்தான் இருக்கு."

"கேட்டீங்களா?" என்றார் சாரங்கபாணி.

"அடுத்தது."

வெள்ளை போன் படம் போனது.

"பச்சை. இதுவும் நல்லாத்தான் இருக்கு. சாப்பிட எத்தனை மணிக்கு வருவீங்க?"

"அடுத்தது" என்றாள் மங்களா.

சாம்பல் போன் படம் போனது. பதில் இல்லை. சாரங்கபாணி நோட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார். பிறகு குரல் வந்தது. பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"ஏங்க, இது என்ன நிறம்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மங்களா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பதில் சொல்லாதீங்க."

"கேக்கறா பாருங்க!"

"கேக்கட்டும்."

"நீலமா, பச்சையா? சொல்லுங்களேன்." இரண்டாவது குரல்.

"மடிப்புல ஒண்ணு, மேல ஒண்ணா இருக்கே?" மூன்றாவது.

பிறகு போனே அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. அதன் பிறகு சத்தமே இல்லை.

"கோவிச்சுக்கிட்டா" என்றார் சாரங்கபாணி. "இன்னிக்கு எனக்கு ரசம்கூடக் கிடையாது."

"இருங்க, சார்."

கால் மணி நேரம் போயிருக்கும். வாசலில் குடை மடங்கும் சத்தம் கேட்டது. இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டிலிருந்து தையல்நாயகி நடந்தே வந்திருந்தாள். கையில் மஞ்சள்பொடி. ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் அவருடைய பழையது.

"குக்கரை நிறுத்திட்டு வந்தேன். எங்கே அது?"

சாரங்கபாணி எழுந்தார். ஜன்னலோரம் இருந்த புடவையை எடுத்து ஒரே உதறில் தோளில் விரித்தார். கடையில் ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை, தானாக வாயில் வந்தது.

"வாங்கம்மா, வெளிச்சத்துல வந்து பாருங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். தையல்நாயகி அவரை மேலும் கீழும் பார்த்தாள். மஞ்சள் கையைத் துடைத்துக்கொண்டு, புடவையை வாங்கி வாசற்படிக்குப் போனாள். வெயிலில் பிடித்தாள்.

"பச்சை."

கொஞ்சம் திரும்பினாள்.

"ஐயோ, நீலம்!"

இன்னும் கொஞ்சம் திரும்பினாள். குழந்தை பம்பரம் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைச் சாரங்கபாணி கடை வாசலில் ஆயிரம் பெண்களிடம் பார்த்திருக்கிறார். தம் வீட்டில் பார்த்ததில்லை.

"எப்படி இருக்கு?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

"ஊர்ப் பொம்பளைங்களை எல்லாம் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டீங்க. எனக்கு மட்டும் முப்பத்திரண்டு வருஷமா பெட்டி" என்றாள் அவள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "மங்களா, இதை மடிக்காதே. நான் இப்படியே எடுத்துக்கிட்டுப் போறேன்."

தோளில் போட்டுக்கொண்டு, குடையைக்கூட விரிக்காமல், இரண்டு ஜோடிச் செருப்பில் பாதிப் பாதியாக அவள் நடந்து போனாள். வேப்பமர நிழலில் புடவை நீலமாயிற்று. நிழல் தாண்டியதும் பச்சையாயிற்று. தெருமுனை திரும்புகிற வரை சாரங்கபாணி பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து நோட்டை மறுபடி பிரித்தார். பழக்கம் விடுமா?

"எல்லாம் சரி, வாத்தியாரம்மா. சாயந்திரம் போனைத் திருப்பிக் குடுக்கணும். கறுப்பு, காக்கா கண்ணையே காட்டுது. வெள்ளை, என் வயசையே குறைக்குது. எதைத்தான் வச்சுக்கிறது?"

மங்களா அடுத்த புடவையைப் பிரித்து ஜன்னலோரம் தொங்கவிட்டாள்.

"எந்தப் படத்தைப் பார்த்து அம்மா செருப்பை மாட்டினாங்க, சார்?"