ஈசரைக் கேட்டு வாங்கிய வேலக்கனியார்

தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தை ஒட்டி நாற்பது வீடுகள் இருந்தன. கடைசி வீடு வேலக்கனியார் என்னும் அம்மையாருடையது. விடியுமுன் பாத்தியில் இறங்கி, விளைந்த உப்பைப் பலகையால் இழுத்து வரப்பில் குவிப்பது அவர் வேலை. மேலே வெயில் எரிக்கும், கீழே உப்பு எரிக்கும். இந்த வேலையைத் தவம் என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் வெறுங்காலோடு அதில் நின்று பார்க்கலாம். அவர் அதைத் தவம் என்று சொன்னதில்லை. கூலி வேலை என்றுதான் சொன்னார்.

வேலை விட்டதும் நேரே அளத்தடி ஈசர் கோயிலுக்குப் போவார். ஓடு வேய்ந்த ஒற்றை அறை, முழங்கால் உயர லிங்கம், அவ்வளவுதான் கோயில். தம் வீட்டு எண்ணெயில் ஓர் அகல் ஏற்றுவார். பாட்டு ஒன்றும் தெரியாது. அதனால் நாளைக்கு என்ன வாங்கப் போகிறார் என்பதை ஈசரிடம் சொல்வார்.

அரிசி பருப்புக்குக் கேள்வி கிடையாது. மற்ற எதையும் ஆசைப்பட்ட அன்றே வாங்க மாட்டார். இன்று சொல்லி வைத்து, நாளை அதே இடத்தில் நின்று மறுபடி சொல்லிப் பார்ப்பார். இரண்டாம் தடவை சொல்ல வாய் கூசினால் ஈசர் வேண்டாமென்றார் என்று அர்த்தம். அந்தக் காசு வீட்டிலிருந்த மண்கலயத்துக்குள் போய்விடும். ஐப்பசியில் மழை இறங்கினால் தை வரை அளத்தில் வேலை கிடையாது. கலயம் அந்த மாதங்களுக்கானது.

ஈசர் எப்போதும் வேண்டாமென்பவரும் அல்லர். தமக்கும் கணவருக்கும் பாத்தியில் போட்டுக்கொள்ள நல்ல ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி வேண்டும் என்று ஒருமுறை சொன்னார். மறுநாள் வாய் கூசவில்லை. விலை பார்க்காமல் வாங்கினார். கால் புண்ணுக்கு வைத்தியம் பார்க்கும் செலவு அந்த வருடத்தோடு நின்றது.

சனிக்கிழமை கூலி கைக்கு வந்த அரை மணியில் தவணைக்காரர் வண்டி வந்து நிற்கும். சேலை, குக்கர், நாற்காலி என்று ஊரே மொய்க்கும். வேலக்கனியார் பார்த்துவிட்டுப் போவார். "ஈசர் என்ன, ரேஷன் கடையா வச்சிருக்காரு?" என்று பெண்கள் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அவர் கணவர் ஆதிலிங்கம் ஒருமுறை கைக்கடிகாரத்துக்கு ஆசைப்பட்டார். நீங்களே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார் அம்மையார். இரண்டாம் நாள் மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார்.

"உப்புத் தண்ணியில எத்தனை நாள் தாங்கும்னு கேக்காரு."

"அவரா கேட்டாரு?"

"நாந்தான் கேட்டுக்கிட்டேன். ஒரு டீ போடு."

அந்த வருடம் ஆடியில் ஊர் கூடியது. ஈசருக்கு வெள்ளிக் கவசம் செய்வதென்று முடிவாயிற்று. பக்கத்து ஊர் அம்மனுக்குக் கவசம் வந்துவிட்டது, நம் சாமி மட்டும் வெறும் கல்லாய் நிற்கலாமா என்றார் ஊர்த்தலைவர் செந்தூர்பாண்டி. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி. கையில் இல்லாதவர்கள் வட்டிக்கு வாங்கினார்கள். அப்படிப் பார்த்தால் எல்லோருமே வட்டிக்குத்தான் வாங்கினார்கள். வேலக்கனியாரிடம் கலயத்தில் காசு இருந்தது ஊருக்கே தெரியும்.

"நாளைக்குச் சொல்லுதேன் அண்ணாச்சி. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்றார் அவர்.

அன்று மாலை ஈசர் முன் நின்று, உமக்கு வெள்ளிச் சட்டை வேண்டுமா என்று கேட்டார். மறுநாளும் கேட்டார். வெகுநேரம் நின்றார். அங்கே என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாது. திரும்பி வந்து, "அவரு வேண்டாங்காரு" என்று மட்டும் சொன்னார்.

ஊர் கொதித்தது. சாமி செலவுக்கே சாமியிடம் கணக்குக் கேட்கிறாள் என்றார்கள். கவசத்துக்குக் கொடுக்காதவள் விளக்கு மட்டும் போட வரவேண்டாம், கோயில் வாசலையே மிதிக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. ஆதிலிங்கம் கோபத்தில், காசைத் தூக்கி எறிந்துவிட்டு வரலாம் என்றார். அம்மையாருக்கும் அந்த விளக்கைத் தவிர வேறு சொத்து இல்லை. ஆனாலும், வேண்டாமென்று ஈசர் சொன்ன பிறகு கொடுத்தால் அது அவருக்கா, ஊர் வாய்க்கா என்று கேட்டார்.

மறுநாள் முதல் கோயிலுக்கு எதிரே உப்பள வரப்பில், கடற்காற்றுக்கு ஓர் உடைந்த பானையைக் கவிழ்த்து மறைப்பாக்கி, அதனுள் அகலை ஏற்றினார். வாங்க நினைத்ததை அங்கிருந்தே சொன்னார். ஆவணியில் கவசம் வந்து, ஈசர் வெள்ளியில் பளபளத்ததையும் வரப்பிலிருந்தே பார்த்தார்.

அந்த வருடம் மழை ஐப்பசிக்குக் காத்திருக்கவில்லை. புரட்டாசி முதல் வாரமே கொட்டியது. குவித்த உப்பு கரைந்து ஓடியது. வேலை நின்றது, வட்டி நிற்கவில்லை. கார்த்திகையில், ஊர் கூடிப் போட்ட கவசத்தை ஊரே கழற்றி அடகுக்குக் கொண்டுபோனது. பூசாரி சம்பளமில்லாமல் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எண்ணெய் வாங்க ஆளில்லை. கருவறை இருண்டது. வரப்பில் மட்டும் தினமும் ஓர் அகல் எரிந்தது. கலயத்திலிருந்தது ஊரைக் காப்பாற்றும் பணம் அல்ல. ஒரு வீட்டுக்குக் கஞ்சியும் ஒரு விளக்குக்கு எண்ணெயும், அவ்வளவுதான்.

ஒரு விடியற்காலை செந்தூர்பாண்டியின் கனவில் நனைந்த வேட்டியோடு ஒரு பெரியவர் வந்தார்.

"வெள்ளிச் சட்டை வேணுமான்னு என்கிட்ட கேட்டது அவ ஒருத்திதாம்ல. வேண்டாம்னு சொன்னதும் நாந்தான். கேட்டவளை வெளிய நிறுத்திட்டு, கேக்காத நீங்க உள்ள நிக்கியளே."

செந்தூர்பாண்டி எழுந்து மழையிலேயே கடைசி வீட்டுக்கு நடந்தார். கனவைச் சொன்னார். தலைவர் அழுதது ஊருக்குப் புதிது.

"தங்கச்சி, உள்ள வந்து விளக்கு ஏத்தணும். உனக்கு யோசிக்கணும்னா நாளைக்குச் சொல்லு."

"இதுக்கு எதுக்கு அண்ணாச்சி நாளைக்கு" என்றார் வேலக்கனியார். எந்தச் செலவையும் ஒரு நாள் தள்ளியவர், ஈரத்தலையைக்கூடத் துவட்டாமல் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடினார். கருவறைக்குள் அகல் எரிந்தபோது ஈசர் வெறும் கல்லாகவே நின்றார். எண்ணெய் பட்டுப் பட்டுக் கறுத்த அந்தக் கல் அவ்வளவு அழகாக இருந்ததை அன்றுதான் பார்த்ததாகச் செந்தூர்பாண்டி பிற்காலத்தில் சொல்வார்.

தை பிறந்து அளம் திறந்தது. மாலையில் கோயில் முன் வரிசை நின்றது. ஒருத்தி குக்கரைச் சொன்னாள், ஒருவன் செல்போனைச் சொன்னான், பாதிப் பேர் மறுநாள் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார்கள். உங்கள் சாமி என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறார் என்று தவணைக்காரர் புலம்பினார். அதற்கு வேலக்கனியார், நீங்களும் ஒருநாள் வந்து கேட்டுப் பாருங்களேன் என்றார்.

ஆண்டவனுக்கு அள்ளிக் கொடுத்தவர்கள் பலர். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செலவழித்த வேலக்கனியாரின் உப்பேறிய கால்களுக்கு நம் கும்பிடு.