வையாபுரி நின்று காட்டிய இடம்

பெரம்பலூர்ப் பக்கத்தில் வையாபுரி என்றொரு பண்ணைக்காரர் இருந்தார். அவருடைய மக்காச்சோளம் அடிக்கும் மிஷினில், சுழலும் தண்டுக்கு மூடி கிடையாது. மூடி இருந்தால் வேலை மந்தம் என்று அவரே கழற்றிப் போட்டிருந்தார்.

ஒருநாள் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க ஓர் அதிகாரியம்மா அவர் களத்துக்கு வந்தார். அக்கம்பக்கத்து முதலாளிகளும் இளவட்ட வேலையாட்களும் கூடினார்கள். வையாபுரி தன் ஆட்களை முன்கூட்டியே மிரட்டியிருந்தார்: "குறைன்னு யாராவது வாயைத் திறந்தா, நாளையிலேருந்து வேலை கிடையாது."

"இங்கே ஏதாவது குறை உண்டா?" என்று அதிகாரி கேட்டார்.

தினமும் கதிர் தள்ளும் செவ்வந்தி எழுந்தாள். பத்தொன்பது வயது. வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. குரலில் அதைக் காட்டவில்லை.

"ஒரு குறையும் இல்லீங்கம்மா. எந்த இடத்துல நிக்கணும்னு எங்க ஐயாவே ஓடுற மிஷின்கிட்ட நின்னு காட்டினா, எல்லாரும் கத்துக்குவாங்க."

வையாபுரிக்குப் பெருமை பிடிபடவில்லை. மிஷினை ஓடவிட்டு விறுவிறுவென்று நடந்தார். தண்டை நெருங்கியதும், தோளில் தொங்கிய துண்டை உருவிச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"துண்டை ஏங்கய்யா சுருட்டிட்டீங்க?" என்றாள் செவ்வந்தி.

"அறிவிருக்கா? தண்டு ஆளோட சேர்த்து இழுத்துடும்!"

"எங்க துப்பட்டாவை இழுக்காதுங்களா?"

களமே கொல்லென்று சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை, மிஷினை நிறுத்தச் சொன்னார். வையாபுரி தானே போய் மூடியைத் தூக்கிவந்து, அத்தனை பேர் பார்க்க மாட்டி முடுக்கினார். குறையைச் சொன்னவர் அவரே ஆயிற்றே, செவ்வந்தியை எப்படி விரட்டுவது?

மறுநாள் தண்டு மூடிக்குள்ளே சுற்றியது. அன்றுதான் முதல்முறையாக அவள் குலசாமியை வேண்டிக்கொள்ளாமல் கதிர் தள்ள ஆரம்பித்தாள்.