குயிலியின் முளைப்பாரி

கண்மாய்க் கரை மடத்துச் சாமி வயதில் சின்னவர். அவரிடம் பாடம் கேட்க வரும் சோலையப்பனுக்கோ தலை பாதி நரைத்துவிட்டது. அந்த நரைத்த தலை தன் முன்னால் குனியும்போதெல்லாம் சாமிக்குக் கூச்சமாக இருக்கும். இதெல்லாம் வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். சோலையப்பன் கேட்கிற ஆளில்லை.

நல்ல மனுஷர்தான். காலனி நலச் சங்கத்துக்குச் செயலாளர், கோயில் காரியம் என்றால் முதல் ஆள். அவரிடம் ஒரே ஒரு கோளாறு, யார் எதைக் கேட்டாலும் கையோடு ஒரு பதில் வைத்திருப்பார்.

அன்றைக்கு உச்சி வெயிலில் வேர்த்து விறுவிறுத்து மடத்துக்கு வந்தார்.

"சாமி, என் மக முளைப்பாரியைத் தர மாட்டேங்கிறா."

சாமி விசிறியைக் கீழே வைத்தார். "யாருக்குத் தர மாட்டேங்கிறா?"

"யாருக்குமே. சாயங்காலம் கரைக்கணும். சட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உள்ள உக்காந்திருக்கா."

அந்தக் காலனி மாரியம்மன் கோயிலில் கோடை பிறந்ததும் பொங்கல் வைப்பார்கள். அதற்கு முன்பே பெண்கள் சட்டியில் நவதானியம் விதைத்து, இருட்டறையில் வெயில் படாமல் வைத்து, தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். வெளிறிய மஞ்சளாக நெடுநெடுவென்று முளை எழும்பும். கடைசி நாள் கும்மியடித்து, தலையில் சுமந்து போய்க் கரைத்துவிடுவார்கள். இந்த வருஷம் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு சட்டி கொடுக்கலாம், லீவில் செல்போனும் கையுமாகக் கிடக்காமல் எதையாவது வளர்க்கட்டும் என்று யோசனை சொன்னவர் சோலையப்பன்தான். பந்தல் மைக்கில் அறிவித்தவரும் அவரேதான். இப்போது தெருவில் எல்லாப் பிள்ளைகளும் சட்டியோடு கிளம்பத் தயார். மக்கர் பண்ணுகிறது செயலாளர் வீட்டுப் பிள்ளை மட்டும்.

பிள்ளை பெயர் குயிலி. மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து அவளும் அப்பாவும் அம்மா பரிமளமும் சேர்ந்து வீட்டோரம் கொத்தி வெண்டையும் தண்டுக்கீரையும் போட்டிருந்தார்கள். அரிசி களைந்த தண்ணீர் கீரைக்கு, பழுத்த இலை உரக்குழிக்கு. மண்ணைக் கிளறிக்கொண்டே கேள்வியாகக் கேட்பாள். மண்புழுவுக்குத் தலை எந்தப் பக்கம், குழியில் போட்ட இலை அப்புறம் என்னவாகும், கீரைக்கு வலிக்குமா. சோலையப்பனும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருப்பார். தெரிந்ததைத் தெரிந்த மாதிரியே சொல்வார், தெரியாததை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்.

"அவ என்னதான் கேக்குறா?" என்றார் சாமி.

"இதை எதுக்கு வளத்தோம்னு கேக்குறா. அம்மனுக்குன்னேன். அம்மன் இதை என்ன செய்வான்னு கேட்டா. தண்ணியில கரைச்சா அம்மன் எடுத்துக்குவா, மழையாத் திருப்பித் தருவான்னேன். சிரிச்சுட்டா சாமி."

"எதுக்குச் சிரிச்சா?"

"கொழுப்புதான், வேறென்ன. இல்லாட்டி பற்று. தான் வளத்ததை விட மனசு வரலை. நீங்க வந்து பற்றைப் பத்தி நாலு வார்த்தை சொன்னா கேப்பா."

சாமி வெளியே பார்த்தார். கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது.

"தண்ணியே இல்லையே. எங்க கரைக்கிறீங்க?"

அதற்கும் சோலையப்பனிடம் பதில் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். போன வருஷத்திலிருந்து கோயில் வாசலில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வைத்து, லாரித் தண்ணீர் நிரப்பி, அதில்தான் கரைக்கிறார்கள். ஏற்பாடெல்லாம் அவருடையது.

"கரைச்ச பிறகு?"

"திரும்பிப் பாக்காம வீடு வந்து சேந்துரணும் சாமி. அதான் முறை."

"சரி. தொட்டிக்குள்ள இருக்கிறது?"

 போன வருஷம் மறுநாள் காலையில் தொட்டியைக் காலி பண்ணச் சொல்லிப் போன் போட்டவர் சோலையப்பன்தான். காலி பண்ணியதை எங்கே கொண்டுபோனார்கள் என்று அவர் கேட்டதில்லை.

சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்க, கேட்டுட்டு வருவோம்."

"யாரை சாமி?"

"சிரிச்ச பிள்ளையை."

வீட்டில் பரிமளம் எரிச்சலில் இருந்தாள். அவளுடைய சட்டி பூச்சுற்றித் தயாராக வாசலில் இருந்தது. இன்னும் கிளம்பலையா, இன்னும் கிளம்பலையா என்று ஆள் மாற்றி ஆள் வந்து கேட்டுப் போகிறார்கள், ரெண்டு போடு போட்டால் எழுந்து வருவாள், அதைச் செய்யாமல் சாமியைக் கூட்டி வந்திருக்கிறாரே என்று முணுமுணுத்தபடி இருவருக்கும் மோர் கொண்டுவந்து வைத்தாள். தெருக்கோடியில் கும்மிச் சத்தம் தொடங்கிவிட்டது.

சாமி நிலைப்படி ஓரமாக உட்கார்ந்துகொண்டார். பேசுவார் பேசுவார் என்று சோலையப்பன் பார்த்தார். அவர் பேசுவதாகத் தெரியவில்லை. கடைசியில் சோலையப்பனே மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"போன வருஷம் அம்மா முளைப்பாரி எங்க போச்சுன்னு உனக்குத் தெரியுமாடா?"

"குப்பை வண்டியில."

கரைத்த மறுநாள் காலையில் அவள் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போயிருக்கிறாள். இனிமேல் அங்கேதான் வளரும், தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். அங்கே மம்பட்டியால் முளையை வாரி, முந்தின நாள் அன்னதானத்து எச்சில் இலையோடு சேர்த்து வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்களாம்.

"இதை ஏண்டா அப்பாகிட்ட சொல்லலை?"

"சொன்னேனே. நீங்க 'ம்'னீங்க."

 அவள் எப்போது வந்து சொன்னாள் என்று சோலையப்பன் யோசித்துப் பார்த்தார், ஞாபகத்தில் இல்லை. மகள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. எதையாவது சொல்லிக் காப்பாற்றுவார் என்று சாமி பக்கம் திரும்பினார். சாமி மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

குயிலி சட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அம்மன் எடுத்துக்குவான்னீங்கள்ல? எடுத்துக்கிட்டாளாப்பா?"

பதிலுக்கா பஞ்சம்? குப்பையும் மண்தான், மண்ணும் அம்மன்தான் என்று ஒன்று வந்தது. மனசால் கொடுத்ததும் அம்மன் வாங்கிக்கொண்டாள், மிச்சம் வெறும் சக்கை என்று இன்னொன்று வந்தது. ரெண்டும் நல்ல பதில்கள். மைக்கில் சொன்னால் கைதட்டுவார்கள். சோலையப்பன் ரெண்டையும் விழுங்கினார்.

"தெரியலைம்மா."

குயிலி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை.

"அப்ப இது எங்க போகும்?"

"அதுவும் தெரியலை. போய்ப் பாப்போமா?"



"நாந்தான் தூக்கிட்டு வருவேன்" என்று எழுந்தாள்.

கோயில் வாசலில் சோலையப்பன் தொட்டி விஷயத்தைக் கூட்டத்தில் அப்படியே சொல்லி, கண்மாயிலேயே கரைப்போம் என்றார்.  தண்ணீர் இல்லாமல் கரைப்பதெல்லாம் ஒரு முறையா என்று சிலர் கோபப்பட்டார்கள். பாதிப் பேர் தொட்டியிலேயே கரைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். மீதிப் பேர் குயிலிக்குப் பின்னால் வெறும் கண்மாய்க்குள் இறங்கினார்கள். மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் மட்டும் சேறு இன்னும் காயாமல் இருந்தது. அந்த இடத்தைப் பார்த்துச் சொன்னவள் குயிலி. பரிமளம் குலவையிட்டுத் தன் சட்டியை முதலில் கவிழ்த்தாள். அடுத்துக் குயிலி தன்னுடையதை மெதுவாகச் சாய்த்து, ஒரு செம்பு தண்ணீரும் ஊற்றினாள். மற்றவர்களும் கவிழ்த்துவிட்டு வழக்கப்படி விறுவிறுவென்று கரையேறினார்கள்.

குயிலி நகரவில்லை. சோலையப்பனும் கூடவே நின்றார். சாமி கரையில் நின்றார்.

எங்கிருந்தோ ஒரு வெள்ளாடு வந்தது. இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, குயிலியின் முளையில் ஒரு வாய் இழுத்தது. சோலையப்பன் பதறிப்போய்க் கல்லை எடுத்தார்.

"விடுங்கப்பா. அதுக்குப் பசிக்குது."

ஆடு தின்கிற வரைக்கும் இருந்து பார்த்தாள். முளையின் நுனியைத்தான் முதலில் தின்கிறது, வேரை விட்டுவிடுகிறது என்று அப்பாவுக்குக் காட்டினாள். அவரும் குனிந்து பார்த்தார். பிறகு கைமண்ணைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தெருவில் மறுபடி தொடங்கியிருந்த கும்மியில் சேர ஓடிவிட்டாள்.

சோலையப்பன் கரையேறி வந்து சாமிக்குப் பக்கத்தில் நின்றார்.

"முறை தப்பிருச்சோ சாமி?"

சாமி ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை விடுங்க. ஒரு வருஷமா நான் சொன்னது எதையும் அவ நம்பலை போல. அது எனக்குத் தெரியவே இல்லை. இனிமே நான் என்ன சொன்னா அவ நம்புவா சாமி?"

"இன்னிக்கு என்ன சொன்னீங்க?"

"தெரியலைன்னேன்."

"அதை நம்பித்தானே கூட வந்தா" என்றார் சாமி.