கட்டியவர் பெயர்

குரு என்றதும் தாடியையும் கமண்டலத்தையும் தேட வேண்டாம். இந்தக் கதையின் குரு அருள்தாஸ், திருப்பூரில் கார் மெக்கானிக். சீடன் நாச்சிமுத்து, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இருவருக்கும் ஐம்பத்திரண்டு வயது. ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அதனால் சீடன் குருவை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவான். குருவும் அதற்காக ஒருநாளும் சாபம் கொடுத்ததில்லை.

ஒரு சனிக்கிழமை நாச்சிமுத்து வீட்டு வாசலில் லாரி நின்றது. நான்கு மரப்பெட்டிகள் இறங்கின. உள்ளே ஒரு கார் இருந்தது. அதாவது, காராக ஆகவேண்டிய குழாய்களும் தகடுகளும் இன்ஜினும் ஃபைபர் பாடியும், தலையணை கனத்துக்கு ஒரு வரைபடப் புத்தகமும் இருந்தன. வாங்குகிறவரே வீட்டில் வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டிய கார் அது. இரண்டு பேர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது.

"கட்டித் தர்றியாடா?" என்று கேட்டான் நாச்சிமுத்து.

"மாட்டேன்."

"அப்பறம் யாரு கட்டறது?"

"நீ கட்டு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் வந்து உக்கார்றேன்."

சொன்னபடியே வந்து உட்கார்ந்தான். காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் இரண்டு வருஷம் உட்கார்ந்தான். நாச்சிமுத்து மாட்டுவான். அருள்தாஸ் பார்ப்பான். தப்பாக இருந்தால் "கழட்டு" என்பான். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டான். அந்த வீட்டில் அதிகம் கேட்ட சொல் எது என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடச் சொல்லிவிடுவார்கள்.

நாச்சிமுத்துவின் மனைவி தங்கமணிக்குப் பொறுக்கவில்லை. காபி கொண்டுவந்து கொடுத்தவள் கேட்டேவிட்டாள்.

"ஏனுங்ண்ணா, அவருக்குக் கொஞ்சம் கை குடுக்கக் கூடாதுங்களா?"

"கை அவனுக்கே ரெண்டு இருக்குதும்மா."

ஒரு ஆள் போதாத இடத்தில் மட்டும் எழுந்து வருவான். இன்ஜினை இறக்கியபோது சங்கிலியை இழுத்துப் பிடித்தான். பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றியபோது பெடலை மிதித்துக்கொடுத்தான். ஸ்பேனரை மட்டும் தொட்டதே இல்லை.

தரைத்தகடு வைக்க வேண்டிய நாள் வந்தது. வெட்டுவது நாச்சிமுத்துவின் தொழில். புத்தகத்தில் இருந்த அளவை வரைந்து, ஒரு பிசிறு இல்லாமல் வெட்டினான். தூக்கி வைத்தான். தகடு சட்டத்துக்குள் இறங்கவில்லை. நாலு பக்கமும் அரை இஞ்ச் கூடுதல்.

"எதுக்குடா அரை இஞ்ச் விட்டே?"

"தையலுக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. முப்பது வருஷம் துணி வெட்டிய கை, அலுமினியத்திலும் தையலுக்கு இடம் விட்டிருந்தது. அருள்தாஸ் சிரித்த சிரிப்பில் பெட்டி ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். இப்போது "வெட்டு" என்று சொல்லுவான் என்று நாச்சிமுத்து கத்திரியை எடுத்தான்.

அருள்தாஸ் தகட்டின் ஓரத்தை விரலால் தடவினான்.

"மடி" என்றான்.

"என்னத்த?"

"விட்டத மேல்பக்கமா மடி. மடிச்சுச் சட்டத்தோட ரிவெட் அடி."

நாச்சிமுத்து மடித்து அடித்தான். அருள்தாஸ் தகட்டின் நடுவில் ஓங்கி ஒரு குத்து குத்தினான். ஓரம் மடிக்காத தகடாக இருந்தால் டமடமவென்று அதிர்ந்திருக்கும். இது கம்மென்று கிடந்தது.

"மிச்சத்துக்கும் தையலுக்கு விட்டே வெட்டு."

அந்த வாரமே தன் பட்டறையில் ஒரு பழைய வேனுக்கு அதே மாதிரி ஓரம் மடித்துத் தரை போட்டான் அருள்தாஸ். யாரிடம் கற்றான் என்று அங்கே யாருக்கும் சொல்லவில்லை. குருமார்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் அப்படித்தான்.

ஆயுத பூஜைக்குக் கார் தயாராகிவிட்டது. பச்சைப் பெயிண்டில் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. வீதியே வந்து பார்த்தது. தங்கமணியின் தம்பி வெள்ளிங்கிரி காரை மூன்று சுற்று சுற்றிவந்தான்.

"வண்டி சோக்கா இருக்குது மாமா. ஆனா மெக்கானிக்கப் பக்கத்துலயே உக்கார வெச்சுக்கிட்டு, நான் கட்டினேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரித்தான். உள்ளே சுருக்கென்று தைத்தது. அவன் வெட்டிய பனியன்கள் லட்சக்கணக்கில் கப்பல் ஏறிப் போயிருக்கின்றன. கழுத்துப் பட்டியில் கம்பெனியின் பெயர்தான் இருக்கும். ஒரே ஒரு பொருளாவது தன் பெயரோடு இந்த உலகத்தில் நிற்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டது தப்பா?

அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. சொந்தமாகக் கார் கட்டியவர்கள் சங்கம் ஒன்று, மலையில் ஒரு தனியார் எஸ்டேட் சாலையில் வருஷா வருஷம் கூடும். மேலிருந்து கீழே ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். கட்டிய காரிலேயே இறங்கி வந்து, கடிதத்தோடு வந்த படிவத்தைக் கொடுத்தால், காரைக் காட்சி வரிசையில் நிறுத்தலாம். நாச்சிமுத்து படிவத்தில் எல்லாவற்றையும் நிரப்பினான். 'கட்டியவர் பெயர்' என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது.

அருள்தாஸிடம் போனான்.

"நான் கட்டினேன்னு எழுதலாமாடா?"

"பேனா இல்லையா?"

"வெளையாடாதே. நீ இல்லாட்டி இந்த வண்டி இல்ல. உள்ளதச் சொல்லு. இது யாரு கட்டின காரு?"

"மலைக்கு நானும் வர்றேன்" என்றான் அருள்தாஸ்.

காரை லாரியில் ஏற்றி மேலே கொண்டுபோனார்கள். நாச்சிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். அருள்தாஸ் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அருள்தாஸ் எந்த வண்டியிலும் தூங்காதவன். ராத்திரி பஸ்ஸில் சென்னை போனாலும் இன்ஜின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி கொட்டக் கொட்ட விழித்திருப்பான். இறங்கும்போது டிரைவரிடம் கிளட்ச்சைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் போவான். அப்படிப்பட்டவன் இரண்டாவது வளைவு தாண்டுவதற்குள் தலையைச் சாய்த்துக் குறட்டை விட ஆரம்பித்துவிட்டான்.

"டேய்! டேய், அருளு!"

குறட்டைதான் பெரிதானது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

மூன்றாவது வளைவில் இடது முன்சக்கரத்துப் போல்ட் நினைவுக்கு வந்தது. முதலில் தலைகீழாக மாட்டி, கழட்டி, மறுபடி மாட்டியது. முறுக்கினேனா? முறுக்கினேன். நான்காவதில் பிரேக் குழாயின் இணைப்பு. சொட்டு கசியாமல் இரண்டு தடவை துடைத்துப் பார்த்தது. ஐந்தாவதில் ஸ்டியரிங் கம்பியின் நட்டு. அது கழலாமல் இருக்கக் கம்பிப் பின் செருகி வளைத்தது நன்றாக நினைவிருக்கிறது. ஆறாவது, ஏழாவது. கியரைக் குறைத்தான். வண்டி அடங்கி இறங்கியது. அந்தக் காரில் எந்த மூலையில் எந்த நட்டு, அதை எந்த ஞாயிற்றுக்கிழமை முறுக்கினான் என்பது வரைக்கும் அவனுக்குத் தெரிந்தது.

எட்டாவது வளைவைத் தாண்டியதும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. பள்ளத்தைப் பார்த்து ஓவென்று கத்தினான். வண்டி போகிறது! நாலு பெட்டியில் வந்த குழாயும் தகடும் மலை இறங்குகின்றன! ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஒரு பெருமையை அவன் நெஞ்சு தாங்கியதே பெரிய விஷயம். அந்தக் கத்தலுக்கும் அருள்தாஸ் அசையவில்லை.

கீழே பதினேழு கார்கள் வரிசையில் நின்றன. சங்கத்துப் பெண் ஒருவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"கட்டியவர் பேரு எழுதாம விட்டிருக்கீங்களே, சார்?"

நாச்சிமுத்து பேனாவை வாங்கினான். எழுதவில்லை. பக்கத்து சீட்டைப் பிடித்து உலுக்கினான்.

"ஏந்திரிடா."

"வந்தாச்சா?"

"வந்தாச்சாவா? ஒம்பது வளைவும் ஒவ்வொரு போல்ட்டா நெனச்சு நெனச்சு, உசுரக் கையில புடிச்சுட்டு எறங்கியிருக்கறேன். நீ என்னடான்னா வாயப் பொளந்துட்டுத் தூங்கறே!"

அருள்தாஸ் சாவகாசமாகச் சோம்பல் முறித்தான்.

"நெனச்சுப் பார்க்கறதுக்கு இதுல நான் முறுக்கின போல்ட்டு ஒண்ணுகூட இல்லையேடா" என்றான்.